துணைக்கு வருபவர்: மீண்டும் வரும் புற்றுநோயும் சத்தியமங்கலத்து உறவுகளின் உழைப்பும்

1. கேள்வி

புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களைப் பற்றி வெளிவரும் எழுத்துகளில், அது மருத்துவமனையின் மலராக இருந்தாலும் வார இதழின் நேர்காணலாக இருந்தாலும், குடும்பத்தாரின் அன்புதான் காப்பாற்றியது என்ற வாக்கியம் சடங்குபோல இடம்பெற்றுவிடுகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் அந்த அன்பு எந்த வழியாக உடலை எட்டுகிறது, அதைச் சுமப்பவர் யார், எத்தனை காலத்துக்குச் சுமக்க முடியும் என்பவற்றை அது சொல்வதும் இல்லை. ஒருமுறை குணமாகிவிட்டதாகக் கருதப்பட்ட நோய் மீண்டும் வரும்போது இந்தக் கேள்விகள் கூர்மை பெறுகின்றன. ஏனெனில் முதல்முறை ஒன்றுகூடிய உறவுகள் இரண்டாம் முறையும் அதே அளவில் கூடும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

ஈரோடு மாவட்டத்தின் சத்தியமங்கலம் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை இந்தக் கேள்வியை அணுகுகிறது. பவானி ஆற்றங்கரையில் பூவும் வாழையும் கரும்பும் விளையும் சமவெளி ஒருபுறமும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதைக்கு மேலே தாளவாடி, ஆசனூர்ப் பகுதிகள் மறுபுறமுமாக அமைந்த இவ்வட்டாரத்தில், புற்றுநோய்க்கான முழுச் சிகிச்சை என்றாலே பெரும்பாலும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ போய்வருவதுதான். நோய் பற்றிய பேச்சில் பயணம் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதால், துணை என்பதன் பொருளை ஆராய இதைவிடப் பொருத்தமான இடங்கள் குறைவு.

2. மீள்வருகை எனும் நிலை

மருத்துவத்தில் மீள்வருகை என்பது, சிகிச்சைக்குப் பின் நோயின் அடையாளம் தென்படாத ஓர் இடைவெளி கழிந்து, அதே புற்று மறுபடி தோன்றுவதைக் குறிக்கும். அது முதலில் இருந்த இடத்திலேயே தோன்றலாம், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் தோன்றலாம், அல்லது எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தொலைவான உறுப்புகளில் தோன்றலாம். இறுதியில் சொன்னது பரவல் எனப்படும். முன்னதோடு தொடர்பில்லாத புதிய புற்று ஒருவருக்கே வருவது வேறு வகை. அதை இரண்டாம் முதன்மைப் புற்று என்பர். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஊசி என்ற கணக்கில் வாழும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு நுணுக்கமாகத் தோன்றலாம் என்றாலும், நோயை முற்றிலும் அகற்ற முயல்வதா, கட்டுக்குள் வைத்திருப்பதா என்ற முடிவு பல நேரங்களில் இதைச் சார்ந்தே எடுக்கப்படுகிறது.

மீள்வருகைக்குக் காலக்கெடு இல்லை. ஹார்மோன் ஏற்பி கொண்ட மார்பகப் புற்றுக்கு ஐந்தாண்டு மாத்திரைச் சிகிச்சையை முடித்த 62,923 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2017இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு, நோய் கண்டறியப்பட்டு 20 ஆண்டுகள் வரையிலும் மீள்வருகை சீராகத் தொடர்ந்ததையும், தொடக்கத்தில் கட்டி எவ்வளவு பெரியது, எத்தனை கணுக்களை எட்டியிருந்தது என்பதைப் பொறுத்துத் தொலைப்பரவலின் வாய்ப்பு 10 முதல் 41 விழுக்காடு வரை வேறுபட்டதையும் காட்டியது. ‘அஞ்சு வருசம் தாண்டிட்டா பயமில்லை’ என்று ஊரில் நிலவும் கணக்கு எல்லாப் புற்றுக்கும் பொருந்துவதில்லை என்பது இதனால் தெரிகிறது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கலாம். தமிழில் ‘மீள்தல்’ என்பது திரும்பி வருதலையும் விடுபடுதலையும் ஒருசேரக் குறிக்கிறது. நோயாளி மீள்கிறார், நோயும் மீள்கிறது. பிழைத்தவர் என்பதையும் மறுபடி நோயுற்றவர் என்பதையும் ஒரே ஆள் பல ஆண்டுகள் சுமக்கும் நிலையைச் சொல்வதற்கு இந்த ஒரு வினையின் இரட்டைத்தன்மை எதிர்பாராத வகையில் பொருத்தமாக இருக்கிறது.

3. அன்பு ஆயுளைக் கூட்டுமா?

உறவின் ஆதரவுக்கும் உயிர்வாழ்வுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகள் முதற்பார்வைக்கு ஒன்றையொன்று மறுப்பவைபோலத் தோன்றும். 1989இல் ‘லான்செட்’ இதழில் அமெரிக்க உளமருத்துவர் டேவிட் ஸ்பீகலும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுள்ள 86 பெண்களுள், வாரந்தோறும் குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதங்களும் மற்றவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்தனர். மனத்தின் ஆறுதல் ஆயுளை ஏறத்தாழ இரு மடங்காக்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவ இந்த எண்களே காரணமாயின. ஆனால் 2001இல் கனடாவில் பமேலா குட்வின் தலைமையில் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்தபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே காலமே, அதாவது 18 மாதங்களுக்குச் சற்றுக் குறைவாகவே, வாழ்ந்தனர். மனச்சோர்வும் வலியுணர்வும் மட்டுமே குறைந்தன. 2007இல் ஸ்பீகல் தாமே 125 பெண்களிடம் மறுபடி செய்த ஆய்விலும் ஒட்டுமொத்த ஆயுளில் வேறுபாடு கிட்டவில்லை. தம்முடைய புகழ்பெற்ற முடிவைத் தாமே சோதித்து, அது நிலைக்கவில்லை என்பதை வெளியிட்ட அந்த நேர்மைக்குக் கிடைத்த கவனம், முதல் முடிவுக்குக் கிடைத்ததில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்கு எதிர்த்திசையில் இருப்பவை மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகள். 2013இல் ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி’ இதழில் ஐசரும் பிறரும் 7,34,889 அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மணமானவர்கள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்த ஆய்விலேயே கிடைக்கும் இடைப்பட்ட எண்களைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும்: மணமானவர்கள் நோய் பரவிய பிறகு மருத்துவரிடம் வருவது 17 விழுக்காடு குறைவு, உரிய சிகிச்சையைப் பெறுவதற்கான வாய்ப்பு 53 விழுக்காடு அதிகம். செவிலியர்களைத் தொடர்ந்து கண்காணித்த மற்றொரு அமெரிக்க ஆய்வில், மார்பகப் புற்று வந்த 2,835 பெண்களுள் உறவும் நட்பும் அற்றுத் தனித்திருந்தவர்கள் எக்காரணத்தாலேனும் இறக்கும் வாய்ப்பு 66 விழுக்காடு அதிகம் என்று 2006இல் கிரான்கி குழுவினர் கண்டறிந்தனர். அந்த ஆய்வில் மனம்விட்டுப் பேச ஒருவர் இருப்பது முடிவை மாற்றவில்லை. நெருங்கிய உறவினரும் நண்பரும் உயிரோடுள்ள பிள்ளைகளும் இருப்பதே மாற்றியது.

இரு தரப்பையும் அருகருகே வைத்தால் முரண் கரைந்துவிடுகிறது. ஆறுதல் சொல்வது துன்பத்தைக் குறைக்கிறது. ஆயுளை நீட்டுவது அதுவல்ல. கட்டியைப் பார்த்ததும் ‘நாளைக்கே காட்டிட்டு வந்தர்லாம்’ என்று கிளப்புவது, தேதி தவறாமல் ஊசிக்கு அழைத்துப் போவது, மாத்திரை நின்றுவிடாமல் பார்ப்பது, இரவில் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் வண்டி ஏற்பாடு செய்வது ஆகியவைதாம். 2017இல் ஈத்தன் பாஷ் என்பவர் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு கோணத்தில் உறுதிசெய்கிறது: பரவிய புற்றுள்ள 766 பேருள், வாந்தி, மூச்சிரைப்பு, வலி முதலிய தொல்லைகளை உடனுக்குடன் கணினிவழி செவிலியருக்குத் தெரிவித்தவர்கள் 31.2 மாதங்களும், வழக்கமான முறையில் இருந்தவர்கள் 26 மாதங்களும் வாழ்ந்தனர் என்பது இடைநிலைக் கணக்கு, அதாவது வரிசையின் நடுவில் நிற்பவரின் கணக்கு. உரிய நேரத்தில் ஒருவர் கவனித்துச் சொல்வதே ஒரு மருந்தின் பயனைத் தருகிறது. தமிழ்நாட்டில் அந்தச் செவிலியரும் கணினியும் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோ இருக்கிறார்.

அமெரிக்க முடிவுகளை அப்படியே இங்கு இறக்கிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். திருமணம் ஏறக்குறைய எல்லோருக்கும் நடந்துவிடும் சமூகத்தில் மணமானவரா என்ற கேள்வி எதையும் பிரித்துக் காட்டாது. பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள், பெண்ணின் பிறந்த வீடு எவ்வளவு தொலைவு, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியுமா என்பவையே இங்கு பிரித்துக் காட்டும் கேள்விகள்.

4. பார்க்க வருதலும் கூட இருத்தலும்

கொங்கு வட்டாரப் பேச்சில் நோயாளியைச் சுற்றி இரண்டு வினைகள் புழங்குகின்றன. ஒன்று பார்க்க வருதல். பங்காளிகளும் மாமன் மச்சான்களும் பழத்தோடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த வேறொரு நோயாளியின் கதையைச் சொல்லிவிட்டுப் போவது அது. மற்றொன்று கூட இருத்தல். மருத்துவமனைப் பணியாளர் ‘பேஷண்ட் கூட யாருங்க?’ என்று கூப்பிடும்போது எழுந்து போவது, ஃபைலைச் சுமப்பது, மருத்துவர் வேகமாகச் சொன்ன மருந்துப் பெயரை நினைவில் வைப்பது, இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறையும் நாட்களில் பார்க்க வருபவர்களையே மனம் புண்படாமல் வாசலோடு திருப்பி அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும்.

பார்க்க வருதல் கைம்மாறு எதிர்பார்க்கும் வழக்கம். வராதவரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். கலியாணத்தில் வைத்த மொய்க்கு நோட்டு உண்டு, எழுதியது ஒருநாள் திரும்பி வரும். கூட இருந்த நாட்களுக்கு அப்படி ஒரு நோட்டு கிடையாது. நோய் முதல்முறை வரும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. மீள்வருகையில் பார்க்க வருபவர்கள் குறைகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் அன்பு வற்றிவிட்டது என்பதாக இருக்க வேண்டியதில்லை. பார்க்க வருதல் என்ற வழக்கம் ஒரு நிகழ்வுக்கு உரியது, நீண்டுகொண்டே போகும் நிலைமைக்கு அதில் இடமில்லை. சாவு, பிரசவம், விபத்து எல்லாவற்றுக்கும் முறை வகுத்து வைத்திருக்கும் உறவுமுறை, முடிவுத் தேதி இல்லாத நோய்க்கு எந்த முறையையும் வகுத்துவைக்கவில்லை.

முடிவுத் தேதி என்பதே இங்கு முக்கியமான வேறுபாடு. முதல் சிகிச்சைக்கு இத்தனை கீமோ, இத்தனை நாள் ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) என்று எண்ணிக்கை உண்டு. பக்கத்து வீட்டாரும் ‘எல்லாம் முடிஞ்சுதுங்களா?’ என்று கேட்க முடியும். நோய் தொலைவில் பரவித் திரும்பியிருந்தால், மருந்து பயன் தரும்வரையும் உடல் தாங்கும்வரையும் சிகிச்சை தொடரும். அதற்குமேல் வேறு மருந்துக்கு மாறும். பருவம் முடிந்தால் ஓய்வு உண்டு என்று பழகிய வேளாண் குடும்பத்துக்கு, ஓய்வில்லாத இந்தக் கால ஒழுங்கு அயலானது.

5. சாலையின் கணக்கு

ஊரார் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. மொத்த அளவைச் சிறுசிறு தவணைகளாகப் பிரித்து வாரத்துக்கு ஐந்து நாள் கொடுப்பதே வழக்கம். நல்ல திசுக்கள் இடையில் தேறிக்கொள்ள இந்த இடைவெளி தேவைப்படுகிறது. மார்பகப் புற்றுக்கு நெடுங்காலம் 25 தவணைகள் தரப்பட்டன. சத்தியமங்கலத்திலிருந்து புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் காந்திபுரம் போய்த் திரும்ப 140 கிலோமீட்டர் என்று கொண்டால், அது 3,500 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளால் 15 தவணைகள் போதும் என்றானபோது அது 2,100 ஆகிறது. 4,096 பேரை உட்படுத்திய ‘ஃபாஸ்ட் ஃபார்வர்ட்’ ஆய்வு 2020இல், ஆரம்ப நிலை மார்பகப் புற்றுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தவணைகள் கொடுப்பதும் குறைவான பயனுடையதன்று எனக் காட்டியது. அந்த முறை பொருந்தும் நோயாளிக்குத் தொலைவு 700 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். கருப்பைவாய்ப் புற்றுக்கு இவ்வாறு சுருக்க முடியாது. அதற்கு வெளிக்கதிர்த் தவணைகளோடு வாரந்தோறும் மருந்தும் பின்னர் உள்கதிர் சிகிச்சையும் தேவைப்படுகின்றன.

இயற்பியலாளரும் மருத்துவரும் தவணை எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போது, உடன் வருபவர் எத்தனை நாள் கூலியை இழப்பார் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்கள், அவர்கள் அதை எண்ணிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் விடியற்காலை மல்லிகை மொட்டு பறிப்பதற்கும், மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதற்கும் வேறு கை வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் இரவு, ஊசிக்கு மறுநாளாக அமைந்துவிட்டால் வீட்டில் இரண்டு ஆள் போதாது. மருத்துவ ஆவணத்தில் ‘வரவில்லை’ என்று மட்டும் பதிவாகும் ஒரு நாளுக்குப் பின்னால் இப்படி ஒரு தண்ணீர்முறையோ பூ விலையோ இருக்கக்கூடும்.

திம்பத்துக்கு மேலே கணக்கு இன்னும் கடினம். புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்லும் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவு வாகனக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. ஆனால் கீமோ ஊசிக்கு ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பின், வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும்போது வரும் காய்ச்சல் அவசரநிலை என்பதை அறிந்து ஆம்புலன்ஸை அழைக்க ஒருவர் வேண்டும். 100.4 டிகிரி என்ற எண்ணைத் தெரிந்து வைத்திருக்கும் பத்தாம் வகுப்புப் பேத்தியின் மதிப்பு அந்த இரவில் தெரியும். கன்னடம் பேசும் தாளவாடிக் குடும்பங்களிலும், ஊராளி, சோளகர் குடியிருப்புகளிலும் உடன் செல்பவர் மொழிபெயர்ப்பாளராகவும் ஆகிறார். மருத்துவர் சொன்னதில் எதை எப்படிச் சொல்வது என்ற பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது.

6. யாருக்கு யார்

துணை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஐசரின் ஆய்வில் திருமணத்தால் ஆண் நோயாளிகள் பெற்ற பயன் பெண் நோயாளிகள் பெற்றதைவிட அதிகம். மூளைக்கட்டி முதலிய கடும் நோயுற்ற 515 பேரை ஆராய்ந்து 2009இல் ‘கேன்சர்’ இதழில் கிளான்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில், நோயாளி ஆணாக இருந்த இணைகளுள் 2.9 விழுக்காடும், பெண்ணாக இருந்த இணைகளுள் 20.8 விழுக்காடும் பிரிந்திருந்தன. கொங்குக் குடும்பத்தில் மணமுறிவு அந்த அளவுக்கு நிகழாது என்று வாதிடலாம். ஆனால் பிரியாமலேயே விலக வழி உண்டு. மனைவிக்கு இரண்டாம் முறை நோய் வரும்போது, ‘கொஞ்ச நாள் உங்க அம்மாகிட்ட இரு’ என்று பிறந்த வீட்டுக்கு அனுப்புவது பிரிவாக எங்கும் பதிவாகாது. கணவனுக்கு நோய் வந்தால் மனைவியை அவளது பிறந்த வீட்டார் அவ்வாறு திரும்ப அழைத்துக்கொள்வது நினைத்துப் பார்க்கவும் கடினம்.

குடும்பத்தின் அளவும் மாறிவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஒற்றைப் பிள்ளை வழக்கம் கொங்குப் பகுதியில் முன்னரே வேர்விட்டது. சொத்து சிதறக் கூடாது என்று ஒரே மகனோடு நிறுத்திக்கொண்ட தலைமுறை இப்போது அறுபது வயதைத் தாண்டி, புற்றுநோய் மிகுதியாக வரும் பருவத்தில் இருக்கிறது. அந்த மகன் பெங்களூரிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறான். பணம் அனுப்ப முடிகிறது, கூட இருக்க முடிவதில்லை. பிரிக்காமல் காத்த தோட்டம், காத்தவருக்கு ஊசி நாளில் கூட வர ஆள் தராமல் நிற்கிறது.

இந்த இடத்தில் புகழ்பெற்றவர்களின் கதைகள் எவ்வளவு தூரம் உதவும் என்பதையும் எடைபோட வேண்டும். தமிழிலும் நடித்த மம்தா மோகன்தாஸ், 2009இல் தமக்கு வந்த ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்று 2013இல் மீண்டதையும், பெற்றோர் உடனிருந்ததையும், பின்னர் லாஸ் ஏஞ்சலிஸில் சிகிச்சை பெற்றதையும் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். மீள்வருகை என்றால் சாவு என்ற அச்சத்தை இத்தகைய பேச்சு உடைக்கிறது. அந்தப் பயன் பெரிது. ஆனால் அக்கதையைக் கேட்பவர் பெற்றோரின் அன்பை எடுத்துக்கொண்டு, புதிய மருந்தையும் அதை எட்டும் வாய்ப்பையும் மறந்துவிடும்போது, பிழைக்காதவரின் குடும்பம் போதிய அன்பு காட்டவில்லை என்ற பழி சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது.

7. மறைத்தலின் திசை

நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமல், ‘கட்டி’ என்றோ ‘புண்’ என்றோ சொல்லி வைப்பது இந்தியக் குடும்பங்களில் பரவலான வழக்கம். இதை ஏமாற்று என்று மட்டும் பார்ப்பது மேலோட்டமானது. அறிவைச் சுமப்பதும் ஒரு சுமை, அதை இன்னொருவர் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மீள்வருகையில் இது தலைகீழாவதற்கு வாய்ப்பு அதிகம். நோயாளி இப்போது அனுபவசாலி. கழுத்தெலும்புக்கு மேலே தட்டுப்படும் கணுவின் பொருள் குடும்பத்தாருக்கு முன்பே அவருக்குத் தெரியும். முந்தைய முறை அடகு வைத்த நகை இன்னும் மீட்கப்படாமல் இருக்கும்போது, பண்ணாரி குண்டம் நோம்பி முடியட்டும், பேத்தியின் சீர் முடியட்டும் என்று அவரே தள்ளிப்போடக்கூடும். குடும்பத்தின் துணையை மிக நன்றாக அனுபவித்தவரே அதை மறுபடி கேட்கக் கூசுகிறார் என்பது, துணை ஆயுளைக் கூட்டும் என்ற வாதத்தின் மறுபக்கம்.

உலக இலக்கியத்தில் இதற்கு இணையான சான்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக்கின் வாழ்வு. 1970களில் மார்பகப் புற்றிலிருந்தும், 1998இல் வந்த கருப்பைப் புற்றிலிருந்தும் பிழைத்த அவர், 2004இல் எலும்பு மச்சை நோயால் இறந்தார். சாவைப் பற்றிப் பேச மறுத்த தாயிடம் நம்பிக்கையை மட்டுமே பேச நேர்ந்த தம் நிலையை மகன் டேவிட் ரீஃப் 2008இல் ஒரு நூலாக எழுதினார். நோயை உருவகமாக்காதீர்கள் என்று வாதிட்டவரின் படுக்கையருகே கூட இருந்தவருக்குப் பேச்சே கடினமான உழைப்பாயிற்று.

8. ஆவணங்களில் உடன் வருபவர்

தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவத்தின் தொடக்கத்திலேயே ஓர் உறவின் இழப்பு இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. ஆயினும் அதன்பின் வளர்ந்த பதிவுமுறைகளில் உறவுக்கு இடமில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து நாட்டில் நடந்துவரும் புற்றுநோய்ப் பதிவேடுகள் புதிதாக நோயுற்றவர்களையும் இறந்தவர்களையும் எண்ணுகின்றன. மீள்வருகை புதிய நோயாக எண்ணப்படுவதில்லை. கூட இருப்பவரை எண்ணுவதற்குக் கட்டமே இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. மீள்வருகையில் நகையும் நிலமும் தப்புவதற்கு அது பல வீடுகளில் காரணம். உடன் வருபவரின் கூலியும் சாப்பாடும் அதன் கணக்கில் சேராதவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வலிநிவாரணப் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது. உறவின் உழைப்பை அரசின் உழைப்பு பகிர்ந்துகொள்ளும் முதல் பெரிய முயற்சி என்று அதைக் கொள்ளலாம். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து, 2008இல் மாநிலக் கொள்கையாகவும் ஆனது. கூட இருத்தலை இரத்த உறவிலிருந்து பிரித்து ஊரின் பொறுப்பாக்கியதே அதன் சிறப்பு.

உடன் வருபவரை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பழைய ஆவணம், வியப்பாக, ரயில்வேயினுடையது. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் கட்டணமே இல்லை. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகை. சத்தியமங்கலத்துக்கு ரயில் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து சாம்ராஜ்நகருக்கு இவ்வழியே பாதை போடும் பழைய திட்டம் காட்டைக் கடக்க முடியாமல் நின்றுவிட்டது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் நடைமுறையில் உள்ளதால், ஒரு கிராமத்திலிருந்து தாயும் துணைக்கு வரும் மகளும் சத்தியமங்கலம் பேருந்து நிலையம்வரை காசில்லாமல் வந்துவிடலாம். அங்கிருந்து கோயம்புத்தூர் செல்லும் புறநகர்ப் பேருந்தில் ஏறியதும் இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.